ஆறு தடவை தாடை இறங்கும் சொல்

ஹெட்லண்ட், வட டகோட்டா
11 ஜனவரி 1987

அன்பு மகள் சிக்னிக்கு,

அப்பா எழுதுவது. நலம். இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு. ராத்திரியில் எஞ்சின் உறையாமல் காரின் வயிற்றுக்குச் சூடு கொடுக்கும் மின் ஒயரைச் செருக மறந்துவிட்டு, காலையில் அதனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். உங்கள் அரிசோனாவில் ஜனவரியிலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போகிறார்களாம். எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம்தான்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீ இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவன். அதாவது உன் பிள்ளைகளைவிட ஆறு வகுப்பு மேலே. அதற்கு மேல் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு நீளமான சொல் என்னிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. இல்லை, நான் அதனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 'இர்ரெகன்சைலபிள்'. காகிதத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். வாயால் சொல்லத்தான் வரவில்லை.

நேற்று பெவ்வின் காபிக் கடையில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் வெர்ன் உட்கார்ந்திருந்தான்.

“அரிகன்சாசபிள்” என்றேன்.

“அது என்னப்பா, புது உரமா? ஏக்கருக்கு எத்தனை மூட்டை?” என்றான்.

பெவ் இன்னொரு காபி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள்; ஐயோ, வேண்டவே வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். “சரி, அரைக் கப் மட்டும்” என்றேன். விளிம்புவரை ஊற்றினாள். இந்த ஊரில் சில விஷயங்களாவது ஒழுங்காக நடக்கின்றன.

அந்தச் சொல்லை நான் மார்ச் ஒன்பதாம் தேதி நீதிபதி முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம். எங்களுக்குள் இருக்கிற வேற்றுமை அப்படிப்பட்டது, அதாவது இனி எந்த வகையிலும் ஒத்துப்போக வைக்க முடியாதது என்று. என்ன நீதிபதி என்று கேட்பாய். விவாகரத்து. உன் அம்மாவும் நானும். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் கடிதத்தைக் குளிரில் ஆரம்பிப்பதுதானே மரியாதை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலில் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுது.

அன்புடன்,
அப்பா


டூசான்
19 ஜனவரி 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளி இடைவேளையில் படித்தேன். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள்தான் வந்து கூட்டிப் போனார்கள்.

உரம், காபி, உச்சரிப்பு, அப்புறம் விவாகரத்து. இந்த வரிசையில் ஒரு மனுஷர் எழுதுவாரா அப்பா? டெலோரிஸ் பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், அதனால்தான் அம்மா அக்டோபரிலிருந்து மைனாட்டில் இருக்கிறாள் என்று நீங்கள் இருவரும் சொன்னதை நான் நம்பினேன். பெரியம்மாவின் முழங்காலுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பினேன். அவர் நன்றி சொல்லிப் பதிலும் போட்டார்!

யாருக்கு வேண்டும் இந்த விவாகரத்து? உங்களுக்கா, அம்மாவுக்கா? அதை மட்டும் நேராக எழுதுங்கள்.

கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் யாராவது ஒரு சொல்லைக் காட்டி எப்படிச் சொல்வது என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. அது ஆறு அசை: இர் - ரெக் - அன் - சை - ல - பிள். புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு அசைக்கும் தாடை ஒரு தடவை இறங்கிக் கையில் இடிக்கும். என் பிள்ளைகள் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அழுத்தம் நான்காவதில், 'சை'யில். மற்றவற்றை லேசாக விட்டுவிட வேண்டும். எல்லா அசையையும் ஒரே கனமாகப் போட்டால் படிக்கட்டில் மூட்டை உருளுகிற மாதிரி இருக்கும்.

பதில் உடனே வேண்டும்.

சிக்னி


ஹெட்லண்ட்
1 பிப்ரவரி 1987

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. தாடைக்குக் கீழே கை வைத்துப் பழகுகிறேன். காரில் போகும்போதுகூட ஒரு கை தாடையில்தான். தபால் நிலையத்தில் நிற்கும்போது தெரியாமல் வைத்துவிட்டேன்; அங்கிருந்த எல்லாரும் எனக்குப் பல் வலிக்கு ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னால் மரியாதையில்லை என்று கிராம்புத் தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அசை ஆறும் இறங்குகிறது. ஆனால் ஒரு குழப்பம். என் வக்கீலம்மா இரண்டாவது அசையில் அழுத்துகிறாள்: இ-ரெ-கன்சைலபிள். நீ நான்காவதில் என்கிறாய். அகராதியைப் பார்த்தால் இரண்டும் சரி என்று போட்டிருக்கிறது. ஒரு தானியக் கிடங்கில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவனிடம் 'இரண்டு எடையும் சரி' என்று சொன்னால் அவன் என்னதான் செய்வான்?

நீ நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றதும் வீட்டில் ஏதாவது உபயோகமாக இருக்கலாம் என்று பார்த்தேன். உன் அம்மா பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறையைக் கிடங்கு முறைப்படி மாற்றினேன். முதலில் வந்தது முன்னால், கனமானது கீழே, ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு எண். நல்ல முறை அது; கோதுமை ஒருநாளும் குறை சொன்னதில்லை. உன் அம்மா வந்து பார்த்தாள். இரண்டு நாள் கழித்து உருளைக்கிழங்கு மசிப்பானைத் தேடிக்கொண்டே, “முப்பத்தெட்டு வருஷமா கண்ண மூடிட்டு எடுத்தேன்” என்றாள். மறுநாள் ஒரு பெட்டியோடு டெலோரிஸ் வீட்டுக்குப் போனாள்.

நான் கேட்காமல் இல்லை. மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை தொலைபேசியில்: “வீட்டுக்கு வர்றியா?” “இங்க நல்லாத்தான் இருக்கு, நீங்க சிரமப்படாதீங்க” என்றாள். இரண்டாவது, நவம்பரில், சர்ச் அடித்தளத்தில் மீன் விருந்து நடந்தபோது. “இல்ல, பரவாயில்ல” என்றாள். மூன்றாவது, டிசம்பரில், அவளுடைய கனத்த கோட்டை மைனாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று, “கோட்ட இங்கயே வச்சிரட்டுமா, இல்ல வீட்டுலயே இருக்கட்டுமா?” என்றேன். “இங்கயே வைங்க” என்றாள்.

மூன்று 'வேண்டாம்' ஆகிவிட்டது; நம் ஊரில் முதல் இரண்டும் மரியாதைக்கு, மூன்றாவதுதான் நிஜம். நாலாவது தடவை கேட்கிறவன் காப்பீடு விற்க வந்தவன்தான். அப்புறம் டெலோரிஸ் கூப்பிட்டு, “இப்படியே எத்தன நாளு? அவ ஒரு முடிவு பண்ணச் சொல்றா” என்றாள். வேறென்ன முடிவு இருக்கிறது? வக்கீலம்மாவிடம் போனேன். காகிதம் போனதும் உன் அம்மா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு டப்பா பிஸ்கட்டும்.

ஆகவே யாருக்கு வேண்டும் என்றால், அவளுக்கு. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். சமையலறையில் எது எங்கே இருந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? பழையபடி வைக்கலாம் என்று பார்க்கிறேன். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. நான் அங்கே போனதே காபிக்கு மட்டும்தான்.

அன்புடன்,
அப்பா


டூசான்
10 பிப்ரவரி 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

சமையலறையைப் படமாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மசிப்பான் அடுப்புக்கு இடதுபக்கம் இரண்டாவது இழுப்பறை. முட்டை அடிக்கும் கருவி அதற்கு மேலே. கத்திகள் ஜன்னலுக்குக் கீழே. கண்ணை மூடிக்கொண்டுதான் வரைந்தேன்.

அழுத்தம் எங்கே போட்டாலும் தப்பில்லை அப்பா. சில சொற்கள் அப்படித்தான், இரண்டு பேர் இரண்டு இடத்தில் கனத்தை வைத்து ஒரே பொருளைச் சொல்வார்கள்.

ஆனால் நான் உங்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாடையை வைத்து வெட்டினால் ஒரு மாதிரி வெட்டு விழும். பொருளை வைத்து வெட்டினால் வேறு இடத்தில் விழும். அந்தச் சொல்லின் உறுப்புகள் இவை: 'இர்' என்றால் இல்லை. 'ரெ' என்றால் மறுபடி. நடுவில் இருப்பது பழைய லத்தீன் வேர், ஒன்றாகக் கூட்டுவது. கடைசியில் 'ஏபிள்', முடியும். மறுபடி ஒன்றாகக் கூட்ட முடியாதது. ஆனால் வாயால் சொல்லும்போது 'மறுபடி' தனியாக நிற்பதில்லை. 'ரெக்' என்று அடுத்ததிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. 'ஒன்றாக' என்பது நடுவில் உடைந்துபோகிறது. பிள்ளைகள் இங்கேதான் குழம்புவார்கள். நானும் சின்ன வயதில் குழம்பினேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அதைவிடப் பெரிய குழப்பத்தை எழுதத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்தேன். “அப்பா மூணு தடவ கேட்டாராமே, நீ வேணாம்னு சொல்லிட்டியாமே?” என்றேன். போனில் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “உங்கப்பா ரெண்டு தடவதான் கேட்டாரு” என்றாள். “அப்புறம் வக்கீல் காகிதம் வந்துச்சு. அவருக்கு அதான் வேணும்னா நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?” என்றாள். உடனே பெரியம்மா வீட்டுத் திரைச்சீலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் திரைச்சீலைதான்.

நீங்கள் மூன்று என்கிறீர்கள். அவள் இரண்டு என்கிறாள். நான் டூசானுக்கு வந்த புதிதில் எத்தனையோ வீடுகளிலிருந்து பசியோடு திரும்பியிருக்கிறேன். இங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷத்தில் நான் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் போல. எண்ணிக்கையில் யார் பக்கம் சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

சிக்னி


ஹெட்லண்ட்
20 பிப்ரவரி 1987

அன்பு சிக்னி,

இரண்டாமா!

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பனியை வாரிக் கொட்டப் போனேன். எங்கள் வாசல் முடிந்து அடுத்த வீட்டு வாசலையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் நின்றேன். அவர்கள் நன்றிக்கு ஒரு தட்டு ஹாட்டிஷ், இறைச்சியும் உருளைக்கிழங்குமாகச் சுடச்சுட, கொடுத்தார்கள். ஆக, ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. கணக்குதான் முடியவில்லை.

கோட்டு எப்படிக் கணக்கில் வராமல் போகும்? கோட்டைப் பற்றிக் கேட்டால் கோட்டுக்காரியைப் பற்றிக் கேட்டதாகாதா? வெறும் துணியைக் கொடுக்கவா நான் பனியில் எழுபது மைல் ஓட்டிக்கொண்டு போனேன்? மனம் கேட்கவில்லை. பேரைச் சொல்லாமல், 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று ஆரம்பித்துக் காபிக் கடையில் கேட்டேன். 'ஒருவர்' என்று நான் சொன்னவுடனே வெர்ன், “மார்லிஸ் எப்படியிருக்கா?” என்று உன் அம்மாவை விசாரித்தான்.

அப்புறம் வழக்கு நடந்தது. கோர்ட்டே வேண்டாம் போலிருக்கிறது.

“கோட்டு கணக்குதான்” என்றான் வெர்ன். “நான் என் வீட்டுக்காரிகிட்ட கல்யாணத்தயே நேராக் கேக்கல. ‘எங்க நிலத்துல இன்னொரு ஆள் இருந்தா நல்லாருக்கும்’னேன். அவ புரிஞ்சுக்கிட்டா.”

“டிராக்டர் ஓட்ட ஆள் கேக்குறேன்னு புரிஞ்சுக்கிட்டா” என்றாள் பெவ். “இன்னும் ஓட்டிட்டுத்தானே இருக்கா?”

“நீ என்ன சொல்ற பெவ்?” என்றேன்.

“ஆர்லோ, உன்கிட்ட ரெண்டு தடவ காபி வேணுமான்னு கேட்டுட்டு, மூணாவது தடவ ‘கப்ப இங்க வைக்கட்டுமா அங்க வைக்கட்டுமா’ன்னு கேட்டா, உனக்குக் காபி கெடச்ச மாதிரியா?”

வெர்ன் தன் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்.

ஆனால் பார், சிக்னி. அவள் கணக்குப்படி இரண்டுதான் என்றால் மூன்றாவது இன்னும் என் கையில் இருக்கிறது. நான் போய்க் கேட்டு, அவள் அப்போதும் வேண்டாம் என்றால், அதுதான் நிஜமான வேண்டாம். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இப்போது இருப்பது குழப்பம்தான். ஆனால் குழப்பத்தோடு ஒரு மனிதன் காலையில் எழுந்து காபி போட்டுக் குடிக்க முடிகிறது.

இந்தக் குழப்பத்தில் ஒரே நல்ல செய்தி, சொல் நன்றாக வருகிறது. 'சை'யில் அழுத்துகிறேன், உனக்காக. பூனை எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறது.

அன்புடன்,
அப்பா


டூசான்
27 பிப்ரவரி 1987

அப்பா,

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். சொல்லைப் பழகியதும் போதும். மைனாட்டுக்குப் போய்க் கேளுங்கள். கோட்டு, பூட்ஸ், மசிப்பான் எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

சிக்னி


ஹெட்லண்ட்
15 மார்ச் 1987

அன்பு மகள் சிக்னிக்கு,

குளிர் குறைந்திருக்கிறது. கூரையிலிருந்து சொட்டுகிறது. மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னபடி சனிக்கிழமை கிளம்பினேன். கையில் எதுவும் இல்லை. பாதி வழியில் பனிப்புயல். சாலையை அடைத்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து போன் செய்தேன். டெலோரிஸ் எடுத்தாள். அவளிடம் சொன்னால் மூன்றாவது கேள்வி உன் அம்மாவுக்குப் பதில் அவளிடமே செலவாகிவிடும், மறுபடி எண்ணிக்கையில் சண்டை வரும் என்று பயந்து, புயலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அப்படியே திங்கட்கிழமை வந்துவிட்டது.

கோர்ட்டில் நான் மட்டும்தான் நிற்க வேண்டும், உன் அம்மா வர வேண்டிய அவசியமே இல்லை என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் டெலோரிஸ். அந்தக் கனத்த கோட்டுதான் போட்டிருந்தாள். மடியில் ஒரு தட்டு, தாள் போட்டு மூடி. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வெறுங்கையோடு எப்படி வருவது என்று பேரீச்சம்பழம் வைத்துச் சதுரமாக வெட்டிய பார்ஸ் பலகாரம் செய்து கொண்டுவந்திருக்கிறாள். விவாகரத்துக்கு!

என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் நின்றேன். சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஆறு அசையும், 'சை'யில் கனம். நீதிபதி நம் பக்கத்து ஆள்தான், தோர்வால். காகிதத்தைப் பார்த்து, “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற வேற்றுமை இர்ரெகன்சைலபிள்னு எழுதியிருக்கு. அது சரிதானே, மிஸ்டர் ஹாவர்சன்?” என்றார்.

நான் விழித்தேன். “அந்தச் சொல்ல நான்ல சொல்லணும்?” என்றேன்.

“அதான் நான் சொல்லிட்டேனே. நீங்க ‘யெஸ்’னா போதும்.”

வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். இரண்டு மாதம், சிக்னி! பூனை, தபால் நிலையம், கிராம்புத் தைலம், எல்லாம் வீண். ஆறு அசையைப் பழகிக்கொண்டு போனவனிடம் ஓரசைச் சொல் கேட்கிறார்கள். அதை நான் ஒரு தடவைகூடப் பழகிப் பார்க்கவில்லை. கை தானாகத் தாடைக்குப் போய்விட்டது. தாடை இறங்கவில்லை.

“பல் வலியா?” என்றார் நீதிபதி.

பின்னால் யாரோ பெஞ்சில் அசைகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கோர்ட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

“மார்லிஸ், வீட்டுக்கு வர்றியா?” என்றேன்.

அவள் தட்டின் மேல் இருந்த தாளைச் சரிசெய்தாள். மறுபடி சரிசெய்தாள்.

“உங்களுக்குச் சிரமமா இருக்குமே” என்றாள்.

“சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அப்ப சரி” என்றாள். “ஒரு வாரம் மட்டும்.”

டெலோரிஸ், “அப்பாடா!” என்று சத்தமாகவே சொன்னாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, கோர்ட் இப்போது எதையும் முடிவு செய்யாது, ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் எனக்கு இப்போது கல்யாணம் ஆகியிருக்கிறதா இல்லையா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். ஆகித்தான் இருக்கிறது, ஆனால் வழக்கும் இருக்கிறது என்றாள். எனக்கு விளங்கவில்லை. நீ அகராதியில் பார்.

போகும்போது உன் அம்மா நீதிபதிக்குப் பார்ஸ் நீட்டினாள். வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினாள். இல்லை, இல்லை, இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். அப்புறம் இரண்டு எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை வந்தாள். சின்னப் பெட்டிதான், ஒரு வாரத்துக்கானது. நேராகச் சமையலறைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, அடுப்புக்கு இடதுபக்கம் கையை விட்டாள். நான் உன் படத்தைப் பார்த்து ஒன்று விடாமல் அடுக்கியிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் முட்டை அடிக்கும் கருவி வந்தது.

“இத யார் இங்க வச்சது?”

“பழைய இடம்தானே?”

“இது சிக்னி பள்ளிக்கூடம் போனப்ப இருந்த இடம். நான் மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு” என்றாள். எல்லா இழுப்பறையையும் வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். சாயங்காலம் வரை அடுக்கினாள். என்னை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு வந்தவள் எதற்கு அத்தனை இழுப்பறையையும் அடுக்குகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கை உடனே தாடைக்குப் போனதால் தப்பித்தேன். கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை.

இன்றைக்குத்தான் அந்த வாரத்தின் ஐந்தாம் நாள். பார்ப்போம்.

உன் சொல் மட்டும் என்னிடம் முழுசாக இருக்கிறது. சுத்தமாக வருகிறது, எந்த அசையிலும் தடுக்கவில்லை. இந்த ஊரில் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. உன் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வருகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள். டிக்கெட் விலை அதிகம், பள்ளிக்கூட வேலை இருக்கிறது, வேண்டாம் என்று எழுது. மறுபடி கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா